நாற்பத்திரண்டாவது வீடியோ

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறியபோதே மழை பிடித்துக்கொண்டது. ஆனால் சுமையாவின் எரிச்சலுக்குக் காரணம் மழையல்ல... காதில் இருந்த போன்.

"தனுஷ்கோடி சார், பாஸ்வேர்டை இன்னொரு தடவை சொல்றேன். பெரிய ஆர், சின்ன ஜே, பொறவு அண்டர்ஸ்கோர்... அடியில போடுற கோடு சார், கோடு!"

முன் சீட்டுக்காரன் திரும்பினான்.

"கோடு ஒண்ணாங்க, ரெண்டா? பஸ்ல எல்லாரும் எழுதிக்கிட்டிருக்கோம்..."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சுமையாவுக்கு முகம் சுட்டது. மழை வழியும் கண்ணாடியோரம் அவன் கண்கள் மட்டும் சிரிப்பை நிறுத்தவேயில்லை. அழகான கண்கள்தான்... அதனாலேயே கூடுதல் ஆத்திரம் வந்தது.

"உங்க வேலையப் பாருங்க சார்!"

ராஜபாளையத்தில் இறங்கி, கல்லூரிக் கருத்தரங்க அறைக்குள் நுழைந்தால்... கடைசி வரிசையில் அதே கண்கள்! ஜாபிர், இயற்பியல் உதவிப் பேராசிரியர்.

கம்ப்யூட்டரிலும் போனிலும் பாடம் நடத்தப் பேராசிரியர்களைப் பழக்குவது சுமையாவின் வேலை. ஐந்து நாள் பயிற்சி. நாற்பத்திரண்டு பேரும் வெள்ளிக்கிழமைக்குள் ஆளுக்கொரு பத்து நிமிடப் பாட வீடியோ தரவேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் வேலை கிடையாது என்று அவளை அனுப்பிய கம்பெனி சொல்லியிருந்தது.

அந்த ஐந்து நாளும்... அப்பப்பா! ஒருவர் கேமராவை அண்ணாந்து வைத்துவிட்டு மின்விசிறியைப் படம்பிடித்தார். தனுஷ்கோடி சார் தினமும் பாஸ்வேர்டை மறந்தார். ஆனாலும் தட்டுத்தடுமாறி எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஜாபிரைத் தவிர.

"கேமரா முன்னாடி நான் நடத்த மாட்டேன் மேடம்."

"ஏன் சார்?"

"மாட்டேன். அம்புட்டுத்தான்."

"எம்புட்டுத் திமிர் சார் உங்களுக்கு? என் வேலையே போகப்போகுது!"

அவன் முகம் சட்டென்று வாடியது. எழுந்து போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை. எல்லோரும் கிளம்பிய பிறகு, 'ஒத்துழைக்கவில்லை' என்று அவன் பெயருக்கு நேரே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது.

"எழுதிக்கிடுங்க மேடம். ஆனா திமிர்னு மட்டும் எழுதாதீங்க..."

தயங்கித் தயங்கிச் சொன்னான். கொரோனா சமயம். மைக் அணைந்திருப்பது தெரியாமல் முக்கால் மணி நேரம் ஆன்லைனில் பாடம் நடத்தியிருக்கிறான். மாணவர்கள் யாரும் சொல்லவில்லை. அதைப் பதிவு செய்து, பின்னணியில் பாட்டுப் போட்டு ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

"பசங்க எல்லாரும் சிரிச்சாங்க மேடம். பாடம் புடிச்சுப்போய்த்தான் சிரிக்காங்கன்னு நெனைச்சேன்..."

திமிரா இது? சுமையா எழுந்து போனைத் தாங்கியில் பொருத்தி, அதற்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"கேமராவப் பாக்காதீங்க சார். என்னையப் பாத்து நடத்துங்க."

மழைத்துளி ஏன் உருண்டையாக இருக்கிறது என்பதுதான் பாடம். முதலில் திக்கினான். பிறகு கைகள் பறந்தன... கண்கள் ஒளிர்ந்தன. "மேல இருக்க ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்துல இருக்கதை இறுக்கிப் புடிச்சுக்கிடும்... விடவே விடாது!" ஜன்னலில் மழை தட்டுவதைக்கூட அவள் கேட்கவில்லை.

முடித்து வியர்வையைத் துடைத்தான். "நல்லா வந்துருக்கா?"

போனைப் பார்த்தவள் அப்படியே உறைந்தாள்.

"பதிவாகல..."

"மைக்கா?"

"ஐயோ, இல்ல சார்! நான்... பட்டனை அழுத்தவேயில்ல."

"என்னது! 'சிவப்புப் பட்டன் மொதல்ல'ன்னு அஞ்சு நாளா எங்க உசுர வாங்குனீங்களே! எப்படி மறந்தீங்க?"

"மறந்துட்டேன்!"

"அதான் எப்படின்னு கேக்கேன்..."

"உங்களையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன், போதுமா?" வெடித்தாள். "அஞ்சு நாளா எரிச்சல் எரிச்சலா வருது... ஆனா பாக்காம இருக்க முடியல!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அவள் தலை நிமிரவேயில்லை.

"திரும்ப நடத்துறேன்," என்றான் மெல்ல. "இந்தத் தடவை நீங்க பட்டனப் பாருங்க. நான் உங்களப் பாக்கேன். எனக்கும் பாக்காம இருக்க முடியல... முடிஞ்ச பொறவு, உங்க அத்தாவ எப்ப வந்து பாத்துப் பொண்ணு கேக்கலாம்னு மட்டும் சொல்லுங்க, சுமையா."

மேடம் இல்லை. சுமையா!

அவள் விரல் சிவப்புப் பட்டனை அழுத்தியது.

"ஞாயித்துக்கெழம... அவிய வீட்லதான் இருப்பாக."