பணப்பையைத் திறந்த விரல்

"என் பணம் போயிடுச்சு சார். அது இல்லேன்னா அந்த வீட்டை விட்டு என்னால வெளிய வரவே முடியாது."

வந்தவள் லாண்டரியில் துணி வெளுப்பவள். துணைக்கு வந்த நாத்தனார், புருஷனின் அக்கா, கதவோரமாக உட்கார்ந்தாள். டாக்டரிடம் போகிறோம் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு இருவரும் வந்திருந்தார்கள்.

காசாளர் பதறவில்லை. ரொக்கம் புழங்கிய நாளில் வங்கியில் நோட்டு எண்ணியவர். நோட்டே ஒழிந்த பிறகு வங்கி அவரை வீட்டுக்கு அனுப்பியது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இப்போது தொலைந்ததைத் தேடித் தருவதுதான் பிழைப்பு. கூடமாட உதவிக்கு ஒரு தங்கை. அவளை ஊரே 'அவசரம்' என்றுதான் கூப்பிடும்.

"நிதானமா சொல்லுங்கம்மா."

"நான் ஒரு டீ குடிச்சாலும் எம் புருஷன் போன்ல டிங்குனு அடிக்கும் சார். எந்தக் கடை, கூட யாருன்னு உயிரை வாங்குவாரு. எங்கம்மாவாவது அரிசி டப்பாவுல நாலு நோட்டை ஒளிச்சு வச்சாங்க. எனக்கு ஒளிக்க நோட்டு எங்க இருக்கு? அதான் கிரிப்டோ காயினா சேர்த்தேன். நான் தனியா துணி தேய்ச்சுக் கொடுக்கிற வீட்டுக்காரங்க காயினாவே அனுப்புவாங்க. பேங்குக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நேத்துக் காலையில பார்த்தா, போன்ல இருக்கிற அந்தக் காயின் வாலட்டைச் சுத்தமா துடைச்சு வச்சிருக்கு!"

"புருஷன்தான் அண்ணா!" அவசரம் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "தூங்கும்போது விரலைப் பிடிச்சு அமுக்கியிருப்பான். வா, போய் நாலு கேள்வி கேப்போம்."

"முதல்ல இவங்களுக்குத் தண்ணி கொடு," என்றார் காசாளர். "உங்க போன் ராத்திரி எங்கம்மா இருக்கும்?"

"இதோ, இந்த அண்ணி ரூம்ல, சார்ஜ்ல. வாலட்டைப் போட்டுக் கொடுத்ததே அண்ணிதான். அந்த வீட்ல எனக்குன்னு இருக்கிற ஒரே ஆள்."

நாத்தனார் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நீங்க கிளம்பப் போறது யாருக்குத் தெரியும்?"

"அண்ணிக்கு மட்டும். முந்தாநாள்தான் சொன்னேன். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பஸ் டிக்கெட், ரூம் அட்வான்ஸ் எல்லாம் காயின்லயே கட்டிக்கலாம்னு இருந்தேன்."

"வாலட்டுக்கு விரல் ரேகை எதுக்கு வேணும்?"

"பார்க்கவும் வாங்கவும் வேண்டாம். வெளிய அனுப்ப மட்டும்தான். நான் ஒரு தடவைகூட அனுப்பினதில்ல."

"ரேகையை உடனே எடுத்துக்கிச்சா?"

"எங்க சார்! ரெண்டு பேரும் போட்டு அல்லாடினோம். நான் அடுப்பை அணைச்சிட்டு வர்றதுக்குள்ள அண்ணி 'ஆயிடுச்சு'ன்னுட்டாங்க. இப்பவும் போனைத் திறக்க நம்பர்தான். ரேகை எப்பவும் மக்கர் பண்ணும்."

காசாளர் அவள் குடித்து வைத்த கண்ணாடித் தம்ளரைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு அவள் போனை வாங்கி, காயின் போன வழியைக் கணினியில் தேடினார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. வைத்திருப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் காயின் எங்கே இருக்கிறது என்பதை எவரும் பார்க்கலாம்.

"அப்படியே இருக்கு," என்றார். "ஒரு காயின்கூட விக்கல, செலவழிக்கல. அவசரம், எந்தத் திருடன் இப்படிச் செய்வான்?"

"பைத்தியக்காரத் திருடன்."

"இல்லம்மா. பணம் தேவைப்படாத திருடன். இவங்க கிளம்பக் கூடாது, அவ்வளவுதான் வேணும். புருஷனுக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் வீடு ரெண்டாயிருக்கும். அதோட, தூங்கும்போது இவங்க விரலை வச்சு எத்தனை அமுக்கினாலும் அந்த வாலட் திறக்காது." தம்ளரை நீட்டினார். அதில் விரல் தடங்கள் வழவழவென்று இருந்தன. வரி என்று ஒன்றுமே இல்லை. "வெளுப்புத்தூளும் சுடுதண்ணியும் ரேகையைத் தின்னுடுச்சு. அப்படின்னா அன்னைக்குப் போன் எடுத்துக்கிட்டது யார் விரலை?"

லாண்டரிக்காரி நாத்தனார் பக்கம் மெல்லத் திரும்பினாள்.

"அன்னைக்குக் கெட்ட எண்ணம் இல்லம்மா," என்றாள் நாத்தனார். "உன் விரலை எடுக்கவே இல்ல. போகட்டும்னு என் விரலை வச்சேன். முந்தாநாள் நீ போறேன்னதும் எனக்குக் கைகால் ஓடல. நீ போயிட்டா அவன் உன்மேல காட்டுற கோபத்தையெல்லாம் எம்மேல காட்டுவான். என் பென்ஷனும் அவன் போன்லதான் டிங்குது. உன் காயினை என் போனுக்கு மாத்தி ஒளிச்சு வச்சேன், தொடல."

"நேத்து ராத்திரி பூரா அழுதேன். முதுகைத் தடவிக் கொடுத்தீங்களே அண்ணி! எப்படி மனசு வந்தது?" லாண்டரிக்காரி எழுந்து நின்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"முடியாதுன்னு சொல்லிட்டா?"

லாண்டரிக்காரி முடியாதென்று சொல்லியிருப்பாள்தான்; அது அவளுக்கே தெரியும்.

அப்போது நாத்தனாரின் போன் அடித்தது. தம்பி. வேறு வழியில்லாமல் எடுத்தாள்.

"டாக்டருக்குப் பணம் கட்டின மாதிரி ஒண்ணும் வரலையே. எங்க இருக்கீங்க?"

"கூட்டம்ப்பா. இன்னும் எங்களைக் கூப்பிடல."

"சீக்கிரம் வாங்க. பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

போனை வைத்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்தா, உனக்கே திருப்பி அனுப்பிடறேன்," என்று நாத்தனார் தன் வாலட்டைத் திறந்தாள்.

"எதுக்கு? அப்புறம் அதை எடுக்கவும் உங்க விரல்தானே வேணும்? நேரா டிக்கெட்டைப் போடுங்க."

"சரிம்மா. ஒண்ணுதானே?"

"இங்க எத்தனை பேர் மாட்டிக்கிட்டு இருக்கோம்?" லாண்டரிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதட்டினாள். "ரெண்டு போடுங்க. உங்க மேல கோபம் ஆறல, அதைப் பஸ்ல பேசிக்கலாம்."