பேர் அப்புறம்

பனிக்காலத்தில் பேஸ்பால் ஆட முடியாது. ஆனால் அதைப் பற்றிப் பேச முடியும். அமெரிக்காவில் மில்வாக்கி ஊர்க்காரர்களுக்கு அந்தப் பேச்சு ஆட்டத்தைவிட ருசி. மைதானம் பனிக்குள் புதைந்து கிடக்கும்போது, எந்த ஆட்டக்காரரை வேறு ஊருக்கு அனுப்புவார்கள், ஒப்பந்தம் முடிந்த யாரை இங்கே இழுத்து வருவார்கள் என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்ளும். பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருப்பவர்கூட, "ஆ... ஆ..." என்று தன் கருத்தைச் சொல்லப் பார்ப்பார்.

நம் கதை நடக்கும் பள்ளிக்கூடத்தில் இந்த வழக்குகளை விசாரிக்க ஒரு நீதிமன்றமே இருந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னலோர மேசைதான் அது. நீதிபதிகள் எல்லாரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

அவர்களில் வாலஸுக்குக் குரல் பெரிது, பொறுமை சிறிது. அவனுக்கு எதிரே உட்காருபவள் இமானி. அவள் சத்தமே போடமாட்டாள். எல்லாரும் கத்தி ஓயும்வரை உருளைக்கிழங்கு வறுவலை மென்றுகொண்டிருப்பாள். பிறகு ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடுவாள்.

பின்டோ என்ற பந்து வீச்சாளரை நம் அணி எடுத்தே ஆக வேண்டும், ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்தாலும் தப்பில்லை என்று ஒரு நாள் வாலஸ் மேசையைத் தட்டித் தட்டி வாதாடினான்.

"அவருக்கு இப்பவே முப்பத்தாறு வயசு," என்றாள் இமானி. "கடைசி வருஷம் ஊன்றுகோலோடதான் பந்து போட வருவாரு. பரவாயில்லையா?"

வாலஸ் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள் கோபப்பட்டதையே மறந்துவிட்டான்.

அந்த மேசையின் கோடியில் ஒரு சிறுமி உட்கார்ந்திருப்பாள். நவம்பரில்தான் வேற்றூரிலிருந்து வந்தவள். வந்த முதல் நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடம் முழுக்கச் சுற்றினாள். காலியாக இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். உட்கார்ந்தாள். யாரும் எழுந்து போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு பெயர் உண்டு. நல்ல பெயர்தான். ஆனால் அந்த மேசையில் யாருக்கும் அது தெரியாது. அவர்கள் வேறு பிரிவு, இவள் வேறு பிரிவு. இவள் பிரிவில் டீச்சர் காலையில் வருகைப் பதிவுக்காக அவள் பெயரைச் சொல்வார். அது கணக்கில் சேருமா? கதவு, ஜன்னல், நாற்காலியை எண்ணுவது போலத்தானே அதுவும். வீட்டில் அம்மா "கண்ணு" என்பாள். அப்பா இன்னும் பழைய ஊரில் வேலையை முடித்துவிட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "குட்டி" என்பார். ஆக, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. மேசையில் இருப்பவர்களுக்கே தெரியாததை நான் மட்டும் முந்திக்கொண்டு சொன்னால் நன்றாக இருக்காது. அதனால் நானும் சிறுமி என்றே சொல்கிறேன்.

சிறுமிக்கும் பேஸ்பால் என்றால் உயிர். அவள் மனசுக்குள் கருத்துகள் குவிந்து கிடந்தன. ஒரு கருத்தை எடுத்து, தூசு தட்டி, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து, வாயைத் திறப்பாள். அதற்குள் பேச்சு வேறு ஆட்டக்காரருக்குத் தாவியிருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு பாலைக் குடிப்பாள். பேசாமல் மிச்சமானதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கொட்டித் தீர்ப்பாள். அப்பா பாவம், காதை மாற்றி மாற்றி வைத்துக் கேட்பார்.

டிசம்பரில் ஓர் இடி விழுந்தது. ஊருக்கே செல்லப்பிள்ளையான டிரெஸ்லரை நம் அணி சியாட்டில் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு இரண்டு பந்து வீச்சாளர்கள் வருகிறார்களாம். கூடவே, பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர் ஒருவராம்.

அன்று மேசையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்று சொல்லலாம். ஆனால் அங்கே சோறு கிடையாது, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டிதான். அது ஆறிப்போய் விறைத்தது. டிரெஸ்லரை விட்டது மகா தப்பு என்றான் வாலஸ். வயது ஏறுவதற்குள் விற்றதுதான் புத்திசாலித்தனம் என்றாள் இமானி. அந்தப் பெயரில்லாத ஆள் யார் என்று ஒரு பொடியன் கேட்டான்.

"அது இன்னும் முடிவாகல," என்றான் வாலஸ். "பேர் அப்புறம் சொல்லுவாங்க. எப்படியும் பெரிய ஆளா இருக்க மாட்டான். கடையில மீதிச் சில்லறை இல்லைன்னா மிட்டாய் குடுப்பாங்கல்ல, அந்த மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். சிறுமி சிரிக்கவில்லை. அந்த ஆட்டக்காரரும் இந்நேரம் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருப்பார், மிட்டாய் தான்தான் என்று அவருக்கே தெரியாது என்று அவளுக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. சொற்களை அடுக்கி முடித்தபோது அவர்கள் மறுபடியும் பின்டோவின் வயசுக்குப் போயிருந்தார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்குப் பேசினால் மட்டும் போதாது. பெரியவர்கள் செய்வதையெல்லாம் தாங்களும் செய்து பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் உள்விளையாட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் பந்தை வைத்து ஆட்டம் நடக்கும். ஒரு அணிக்கு வாலஸ் தலைவன், இன்னொன்றுக்கு இமானி தலைவி. வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் இருவரும் ஆட்டக்காரர்களைப் பண்டமாற்று செய்வார்கள். பேரம் படியாவிட்டால் நடுவில் சாக்லேட் புட்டிங்கும் கைமாறும். மாற்றப்பட்டவன் பாதி ரொட்டியோடு எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார வேண்டும்.

அந்த வாரம் வாலஸுக்கு இமானியிடமிருந்து ஒரு நல்ல பேட்டர் தேவைப்பட்டான்.

"ஒருத்தனுக்கு ஒருத்தன் பத்தாது," என்றாள் இமானி. "மேல ஏதாவது குடு."

வாலஸ் மேசையைச் சுற்றிப் பார்த்தான். அவன் கண் கோடியில் வந்து நின்றது.

"மேல ஒரு ஆள் தரேன். பேர் அப்புறம்."

தன்னைத்தான் சொல்கிறான் என்பது சிறுமிக்கு உடனே உறைக்கவில்லை. எல்லாரும் தன்னையே பார்த்துச் சிரித்தபோது புரிந்தது. அவளும் சிரித்து வைத்தாள். வேறு என்ன செய்வது? தட்டை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கக் கோடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'அப்புறம்' ஆகிவிட்டது. அப்புறம், அந்த உப்பை எடு. அப்புறம், கொஞ்சம் நகந்துக்கோ. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. வேடிக்கையாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ராத்திரி படுக்கையில் அவள் தன் பெயரைத் தானே ஒரு முறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். யாராவது ஒருத்தர் கேட்டால் போதும் என்று நினைப்பாள். கேட்காதவர்களிடம் வலியப் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டபோது, நிறையப் பேரோடு சேர்ந்து சாப்பிடுகிறேன் என்றாள். பொய் இல்லையே அது.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு புதுப் பையன் வந்தான். உயரம், மெலிவு, பெரிய காதுகள். தட்டைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோர மேசைப் பக்கம் வந்து தயங்கினான். சிறுமி நகர்ந்து இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"உன் பேரு என்னடா?" என்றான் வாலஸ்.

பையன் வாயைத் திறந்தான். "பெ..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக்கி மூடி மறுபடியும், "பெ... பெ..." என்றான்.

வாலஸின் பொறுமை எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியுமே. "சரி சரி, அப்புறம் சொல்லு," என்று இமானி பக்கம் திரும்பிவிட்டான். அவனுக்கு அன்று தலைபோகிற வேலை இருந்தது. இமானியின் அணியில் ரோலண்ட் என்று ஒருவன். அவன் அடித்தால் பந்து கூரைக் கம்பியில் போய் மாட்டும். வாலஸுக்கு ரோலண்ட் வேண்டும். பதிலுக்கு ஒரு பேட்டர், இரண்டு புட்டிங் என்றான். இமானி தலையை ஆட்டவே இல்லை. திடீரென்று வாலஸின் முகம் மலர்ந்தது. கரண்டியால் புதுப் பையனைக் காட்டினான்.

"கூட ஒரு ஆள். பேர் அப்புறம்."

மேசையே சிரிப்பில் குலுங்கியது. தன்னிடம் ஏற்கெனவே ஓர் அப்புறம் இருக்கிறாளே என்றாள் இமானி.

"அவளுக்குப் பதவி உயர்வு குடு," என்றான் வாலஸ். பிறகு சிறுமியைப் பார்த்து, "கேட்டியா? இனிமே நீ அப்புறம் இல்ல. நீதான் இரண்டாவது பேஸ்ல நிக்கப்போற. இவன்தான் அப்புறம்."

இமானி யோசித்துவிட்டு, அப்படியென்றால் சரி என்றாள்.

சிறுமிக்கு நெஞ்சு குதித்தது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவளுக்கென்று நிற்க ஓர் இடம். இரண்டாவது பேஸ். மேசையின் நடுவில் இடம் கிடைக்கும். யாராவது அவள் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்பார்கள். பெயரையும் கேட்பார்கள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

அவள் பக்கத்தில் பார்த்தாள். பையனின் காதுகள் சிவந்துபோயிருந்தன. யாரும் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. கேள்வி கேட்டவன் திரும்பி எவ்வளவோ நேரமாகியும், அவன் விடாமல் பதில் சொல்லப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இருங்க," என்றாள் சிறுமி.

அவள் குரல் அந்த மேசைக்கே புதிது. எல்லாரும் திரும்பினார்கள்.

"அவன் இன்னும் சொல்லி முடிக்கல."

பையன் தட்டைப் பார்த்தபடி, "பெ... பெ..." என்றான். வாலஸ் நெளிந்தான். கரண்டியைச் சுழற்றினான். தாங்க முடியாமல், "பெர்ட்டா? பென்னா?" என்று உதவிக்கு வந்தான்.

"நீ சொல்லாத," என்றாள் சிறுமி. "அது அவன் பேரு. அவனே சொல்லட்டும்."

காத்திருந்தார்கள். அந்தக் கூடத்தில் தட்டுகள் உரசும் சத்தமும் மற்ற மேசைகளின் கூச்சலும் கேட்டன. இந்த மேசையில் மட்டும் ஒருவரும் மெல்லக்கூட இல்லை.

"பெ... பெனடிக்ட்," என்றான் பையன். சொல்லிவிட்டு, மூட்டை இறக்கியவன் போல மூச்சு விட்டான்.

இமானி முதலில் தலையை ஆட்டினாள். பிறகு வாலஸைப் பார்த்து, "அப்போ ஒப்பந்தம் செல்லாது," என்றாள். "பேர் தெரிஞ்சு போச்சு. பேர் தெரிஞ்ச ஆளைப் பேர் அப்புறம்னு குடுக்க முடியாது. விதின்னா விதிதான்."

வாலஸ் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். மூன்றாவது புட்டிங்கைக்கூட நீட்டினான். ரோலண்ட் எழுந்து வருவதற்கு எடுத்த தட்டை மறுபடி கீழே வைத்தான்.

"எல்லாம் உன்னாலதான்," என்று வாலஸ் சிறுமியிடம் சிடுசிடுத்தான். "பழையபடி நீயே அப்புறமா இரு, போ."

மணி அடித்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. இமானி போகும்போது ஒரு முறை திரும்பி, சிறுமியிடம் ஏதோ கேட்கப்போவது போல நின்றாள். அதற்குள் வாலஸ் கதவருகிலிருந்து கத்திக் கூப்பிட்டுவிட்டான். அவளும் போய்விட்டாள்.

சிறுமி தட்டைக் கழுவும் இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். அழுகை வரும் போலிருந்தது. இரண்டாவது பேஸ் போனது போகட்டும். மேசை நிறைய ஆட்கள் காத்திருந்து ஒரு பெயரைக் கேட்டார்கள். அது அவள் பெயர் இல்லை. தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பினால், பெனடிக்ட் நின்றுகொண்டிருந்தான். வகுப்புக்குப் போகவில்லை.

"உ..." என்றான்.

தட்டை எங்கே வைப்பது என்று கேட்கிறானாக்கும் என்று அவள் நினைத்தாள். கையைக் காட்டலாமா என்று பார்த்தாள். பிறகு வேண்டாம் என்று சும்மா நின்றாள். அவனே சொல்லட்டும்.

"உ... உன்..." என்றான். கண்ணை மூடினான், திறந்தான். "உன் பேரு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இத்தனை நாள் நாக்கு நுனியில் காத்துக் கிடந்த பெயர், கேட்டதும் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. பெனடிக்ட் அவசரப்படவில்லை. வாலஸ் மாதிரி எதையாவது ஊகித்துச் சொல்லவும் இல்லை. தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"லோரெட்டா," என்றாள் கடைசியில்.

அவன் தலையை ஆட்டினான். சரியாகக் கேட்டுக்கொண்டோமா என்று பார்ப்பதற்காக, தானும் ஒரு முறை சொல்லிப் பார்க்க ஆரம்பித்தான்.

"லோ... லோ... லோ..."

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. அவன் அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கும்வரை, சிரித்துக்கொண்டே நின்றாள் லோரெட்டா.