பறியின் வாய் எந்தப் பக்கம்?

"ஆத்துல பொம்பள கால் பட்டா மீன் ஏறாது. வெறும் பறியோடதான் திரும்பப் போற, பாத்துக்க!" என்று சிரித்தார் நாட்டாண்மை சங்கிலிமுத்து.

"பொழுது அடையுறதுக்குள்ள மீனோட வந்தா எங்கப்பா எடம் எனக்குத்தான். சொன்ன சொல்லு மாறக்கூடாது, மாமா!" என்றாள் மாடத்தி.

ஆண்டுகள் பல கடந்த பின்னும், அந்த ஆனி மாதக் காலை கண்முன்னே நிற்கிறது! தந்தையை இழந்த அவள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. ஆகவே கருமணியாற்றுப் பாறைத்துறையில் அவர் மீன்பிடிக் கூடையான பறியை வைத்த இடத்தைப் பிறருக்குத் தர ஊர் முடிவு செய்திருந்தது. அவர் பின்னிய மூங்கில் பறியைத் தோளில் ஏற்றினாள் மாடத்தி. கயிற்றோடு உடன் நடந்தாள் தோழி பேச்சி.

புதுவெள்ளம் முழங்கியது! முட்டையிட மேலாற்றுக்குச் செல்லும் கெண்டைகள், வெள்ளத்தை எதிர்த்துப் பாறைமேல் துள்ளின. வழுக்குப் பாறைகளைக் கடந்து இடுப்பளவு நீரில் இறங்கிய இருவரும், பாய்ந்துவரும் நீரை நோக்கிப் பறியின் வாயை வைத்தார்கள். உச்சிவேளை வந்தது. பறியில் சருகு மட்டுமே!

"நாட்டாண்ம சொன்னது நெசந்தானோ?" என்று சருகை அள்ளி எறிந்தாள் பேச்சி.

அந்நேரம் மாடத்தியின் காலில் பின்புறமிருந்து படீரென மோதியது ஒரு மீன்.

"ஏட்டி, மீன் கீழருந்துல்லா வருது! வாய்க்கால்ல வடியுற தண்ணியோட எறங்குற மீனுக்கு அப்பா வச்சதப் பாத்து, இங்கயும் அப்பிடியே வச்சிட்டமே!"

பெண்களை ஆற்றங்கரைக்கே விடாத ஊர், அவர்களுக்கு ஆறு தெரியாதென்று நகைத்தது! இது எந்த நாட்டு நியாயம்?

பறியைத் திருப்புகையில் மாடத்தியின் கால் சறுக்கியது. பறியைக் கட்டிப்பிடித்தபடி அவள் வெள்ளத்தில் போனாள். பறியில் பிணைத்த கயிற்றைப் பாறையில் சுற்றி இழுத்தாள் பேச்சி.

"விட்ராதட்டி!" என்று கத்தினாள் மாடத்தி.

"பறிய விடமாட்டேன். நீ வேணும்னா தொத்திக்கிட்டு வா!"

கீழாற்றை நோக்கி வைத்த பறி, ஒரு நாழிகையில் நிறைந்தது! வயிறு புடைத்த சினை மீன்களைப் பொறுக்கி, பாறைக்கு அப்பால் மேலாற்றில் விட்டாள் மாடத்தி. "இதுகளையும் தின்னுட்டா அடுத்த ஆனிக்கு எதப் புடிக்க?"

பொழுது சாயுமுன் மீன்கூடை நாட்டாண்மையின் முன் இறங்கியது. கிளறிப் பார்த்தவர், "சினை ஒண்ணுகூட இல்லியே?" என்றார்.

"எங்க கால் பட்டா ஏறாதுன்னீகளே, மாமா! அதுகளக் கையால தூக்கி ஏத்திவிட்டுட்டு வாரோம்!"

ஊரே சிரித்தது. இடம் மாடத்திக்கே ஆயிற்று. அடுத்த ஆனியில் ஏழு பெண்கள் அத்துறையில் நின்றார்கள். ஏழு பறிகளின் வாய்களும் கீழாற்றையே நோக்கியிருந்தன. ஆற்றை அறிய ஆற்றில் இறங்கினால் போதும்; ஆணாய்ப் பிறக்க வேண்டியதில்லை!