பார்வையாளர்களுக்கு எட்டு இருக்கைகள்

ஜெயசீலி நின்று பார்க்கும் நாட்களில் மட்டும் சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. மற்ற நாட்களில், காலை ஐந்தரை மணிக்கு மேல், நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று என்பது பதினான்காகக் குறைந்துவிடும். எட்டு மணிக்குத் தானாகவே சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் விதிவிலக்கு, அன்று குறைவதே இல்லை.

"ஏட்டி சீலி, இன்னைக்கும் கொறஞ்சிட்டு," என்றாள் செவிலி சண்முகவடிவு. "நீ வந்து நின்னா மட்டும் பொட்டிப்பாம்பா சுத்துது. உன்னையக் கண்டா அதுக்கு என்ன பயமோ."

"நேத்துதான வடிவக்கா பேரிங்கைக் கழத்தி மாட்டுனேன்? மோட்டாரும் புதுசு."

"அப்பம் ஞாயித்துக்கிழமை கோளாறும் பூசைக்குப் போகுது போல."

ஜெயசீலி சிரிக்கவில்லை. அந்தச் சக்கரத்தின் மெக்கானிக் அவள்தான்.

நிலவின் வெண்குழிக் குடியிருப்பில் பிறந்த குழந்தைகள் அந்தச் சக்கரத்தில்தான் தூங்குவார்கள், சாப்பிடுவார்கள், எழுத்து படிப்பார்கள். நாளுக்குப் பதினாறு மணி நேரம். நிலவின் இழுவிசை பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். சுமை இல்லாத எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளாது. ஒரு வாளித் தண்ணீரை வேகமாகத் தலைக்கு மேல் சுழற்றினால் தண்ணீர் கொட்டாமல் வாளியின் அடியோடு ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதே வித்தைதான். நான்கு மீட்டர் நீளக் கைகள் எட்டு. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு தொட்டில். நிமிடத்துக்குப் பதினைந்து முறை சுற்றினால் தொட்டிலுக்குள் பூமியின் எடை கிடைத்துவிடும். குழந்தைகள் அதை ராட்டினம் என்றார்கள்.

ஒரு சுற்றுக் குறைந்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் இந்த எடை வேகத்தின் இருமடிக் கணக்கில் ஏறும், இறங்கும். பதினைந்து பதினான்கானால் எடையில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். தினமும் இரண்டரை மணி நேரம் அப்படிப் போனால் எலும்புக்குத் தெரியும்.

பக்கத்திலேயே இரண்டாவது சக்கரம் போர்வை மூடி நின்றது. செய்து முடித்து ஒரு வருடமாகிறது. சுற்ற மின்சாரம் இல்லை. குடியிருப்புக்கு இருந்ததோ ஒரே ஒரு சிறிய அணு உலை. ஆளுக்கு இவ்வளவு என்று மின்பங்கு அளந்துதான் கொடுத்தார்கள். முதல் சக்கரத்தில் இடம் கிடைக்காத ஐந்து குழந்தைகள் அதற்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் மூன்று வயது அபிஷாவுக்கு, போன மாதம் நாற்காலியிலிருந்து சிரித்துக்கொண்டே குதித்தபோது முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்தது. அடுத்த பிறந்தநாளுக்குள் அவளைச் சக்கரத்தில் ஏற்றாவிட்டால் பிறகு ஏற்றிப் பயனில்லை என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

குடியிருப்பு மன்றம் கையை விரித்தது. மக்கள் தங்கள் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தால் சக்கரத்தை ஓட்டலாம் என்றது. ஜெயசீலி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் குழந்தைகளுக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவரும் கொடுக்கவில்லை. பிறகு அவள் பழைய பூமி வழக்கம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். நான்கு கிலோமீட்டர் நீச்சல், நூற்றெண்பது கிலோமீட்டர் மிதிவண்டி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம், மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் முப்போட்டி. நான் முடித்தால் உங்கள் பங்கில் எத்தனை நாள் தருவீர்கள் என்று கேட்டாள். உடனே உறுதிமொழிகள் வந்தன. நான்கு மாதத்தில், இரண்டாவது சக்கரத்தை நாற்பது நாள் ஓட்டும் அளவு சேர்ந்துவிட்டது.

மன்றமும் மனம் நெகிழ்ந்தது. நல்ல காரியத்துக்கான பயிற்சி என்பதால், அதற்கான மின்சாரத்தை முன்னுரிமையில் இலவசமாகத் தந்தது. காலை ஐந்தரை முதல் எட்டு வரை, ஞாயிறு விடுமுறை.

இதைப் படிக்கும் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஜெயசீலிக்குப் புரியவில்லை. அவள் மெக்கானிக், ஒரு சக்கரம் மெதுவானால் கோளாறு சக்கரத்துக்குள் இருக்கும் என்று நம்புகிற ஆள். இரண்டு முறை பயிற்சியை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தாள். இரண்டு முறையும் அது பதினைந்திலிருந்து அசையவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் கணினியான பங்காளனிடம் கேட்டாள். கேட்டால் மட்டுமே பேசும் இயந்திரம் அது.

"காலை ஐந்தரைக்கு என் சக்கரத்தின் மின்சாரம் எங்கே போகிறது?"

"உங்களிடம்," என்றது பங்காளன்.

"என்ன?"

"நீச்சல் தொட்டியின் நீளம் நான்கு மீட்டர். நீங்கள் நீந்தும்போது எதிர்நீரைத் தள்ளும் பம்புக்கு மூன்று கிலோவாட். ஓடுபட்டைக்கும், உங்களைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் வாருக்கும் சேர்த்து அதே அளவு. வரிசையில் கடைசியாகச் சேர்ந்தது குழந்தைகளின் சக்கரம். ஆகவே முதலில் குறைப்பது அதைத்தான்."

"நாலு மாசத்துல நான் எவ்வளவு எடுத்திருக்கேன்?"

"இரண்டாவது சக்கரத்தை அறுபது நாள் ஓட்டும் அளவு."

நாற்பது நாள் சேர்ப்பதற்காக அறுபது நாளைச் செலவழித்திருந்தாள். அவள் ஓடுபட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து, காலணியின் கயிற்றை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தாள்.

மறுநாள் காலையில் உணவகத்தில் போட்டியை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். மிக அதிகமாக, ஆறு நாள் பங்கு தருவதாகச் சொல்லியிருந்த உணவகக்காரர் சுயம்புலிங்கத்தின் கரண்டி நின்றது.

"நீ ஓடலேன்னா நான் எதுக்குக் குடுக்கணும், பிள்ள?"

"பிள்ளைகளுக்குத்தான அண்ணாச்சி குடுக்கீங்க?"

"பிள்ளைகளுக்குத்தான். நான் இல்லன்னா சொல்லுதேன்?" அவருக்கே அது சங்கடமாக இருந்தது. "ஆனா நீ நாக்கத் தள்ளிக்கிட்டு ஓடி வாரதப் பாத்தாத்தான் மனசு வருது. சும்மா வந்து கேட்டா வர மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

அவர் பொய் சொல்லவில்லை. நல்ல மனிதர், அபிஷாவுக்குத் தினமும் இட்லி அனுப்புகிறவர். சொல்லிவிட்டு, தன் கட்டாயப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஜெயசீலியின் கண்கள் அந்தத் துண்டின் பின்னாலேயே போயின.

வெண்குழியில் பெரியவர்கள் எல்லோரும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் மிதிக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களின் எலும்பும் கரையாமல் இருக்க வேண்டுமே! பயிற்சிக் கூடத்தில் வரிசையாகச் சக்கரமில்லாத மிதிவண்டிகள். மிதித்தால் ஒரு பிரேக் கட்டை எதிர்த்து உரசும், அது சூடாகும். வெளியே வெற்றிடம் என்பதால் சூட்டைக் கொண்டுபோகக் காற்று இல்லை. அதனால் அந்தச் சூட்டை வெளியேற்ற இன்னொரு இயந்திரம், அதற்கு மின்சாரம். பூமியில் அவர்களின் முன்னோர் மின்தூக்கியில் மூன்றாம் மாடிக்குப் போய், அங்கே படி ஏறும் இயந்திரத்தில் மூச்சிரைத்தவர்கள். அந்தப் பழக்கத்தை இவர்கள் பத்திரமாக மூட்டை கட்டி நிலவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

கூடத்தின் வாசலில் நின்று ஜெயசீலி எண்ணினாள். அறுபது பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். எந்த நேரம் வந்தாலும் ஏறக்குறைய அறுபது பேர் இருப்பார்கள். சக்கரத்தைச் சுற்ற எண்ணூறு வாட் போதும். ஒரு மனிதர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நூறு வாட் மிதிப்பார்.

போட்டி நடக்கத்தான் போகிறது என்று அன்று மாலையே அறிவித்துவிட்டாள்.

போட்டி நாளில் பம்பு ஓடவில்லை. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைத் தொட்டிச் சுவரில் மாட்டி, அசையாத நீரில், நின்ற இடத்திலேயே நீந்தினாள். எதிர்நீர் தேவைப்படவே இல்லை. பிறகு ஈரத்தலையோடு குழந்தைகள் கூடத்துக்கு வந்து தன் மிதிவண்டியில் ஏறினாள். பார்க்க எழுபது பேர் கூடியிருந்தார்கள். நாற்காலிகளைக் காணவில்லை. இரண்டாவது சக்கரத்தைச் சுற்றி, பயிற்சிக் கூடத்திலிருந்து பெயர்த்து வந்த மிதிவண்டிகள் எட்டு. ஒன்றில் அவள். ஏழு காலி.

"உக்காந்து பாருங்க அண்ணாச்சி," என்றாள்.

சுயம்புலிங்கம் உட்கார்ந்தார். கால் சும்மா தொங்கினால் யாருக்கும் மிதிக்கத்தான் தோன்றும். மற்ற ஆறும் நிறைந்தன. போர்வை எடுத்த சக்கரம் ஒருமுறை முனகியது. பிறகு மெல்ல நகர்ந்தது. சண்முகவடிவு கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். எட்டு. பதினொன்று. பதினைந்து.

அபிஷாவைத் தொட்டிலில் வைத்தார்கள். பிறந்ததிலிருந்து தன் கை எவ்வளவு கனம் என்று அறியாத குழந்தை, அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, கை பெருசாயிட்டு!" என்று கத்தியது.

"எறங்குங்கண்ணே, ஒன்ற மணி நேரம் ஆயிட்டு," என்று வரிசையில் நின்றவர் சுயம்புலிங்கத்தைத் தட்டினார்.

"சும்மா இரும்வே. பிள்ள இப்பத்தான் கண்ணசருது."

ஜெயசீலி இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் நூற்றெண்பது கிலோமீட்டரையும் முடித்து, நடைக்கூடங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டத்தையும் முடித்தாள். அவள் முடித்ததை மூன்று பேர்தான் பார்த்தார்கள். மற்றவர்கள் மிதிக்க வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் காலை சுயம்புலிங்கம் துண்டோடு வந்து, பழகிய இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"இன்னைக்கு யாரு ஓடுதா, பிள்ள?"

"நீங்கதான் அண்ணாச்சி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பம் எனக்கு யாரு பங்கு குடுப்பா?"

"மொதல்ல மிதிங்க, அண்ணாச்சி. அப்புறம் பேசுவோம்."

அவர் மிதித்தார். உறுதிமொழிகளை வசூலிக்க வேண்டிய தேவையே வரவில்லை. செய்தது இவ்வளவுதான்: எட்டு மிதிவண்டிகளின் சங்கிலியைப் பிரேக்கிலிருந்து கழற்றி, சக்கரத்தின் அச்சில் மாட்டினார்கள். சக்கரம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை சுற்றியது. ஜெயசீலி நின்று பார்த்தாலும், பார்க்காவிட்டாலும்.