உம்மாவுக்கு எந்தக் கேமரா?

கட்டிலில் துவாலையை விரித்து, வாப்பா இரண்டு கேமராக்களையும் அருகருகே வைத்தார். ஃபாயிஸா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தெரியாமல் தொட்டுவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

வாப்பா ஆதம், துபாயில் கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். விடுப்பில் தென்காசிக்கு வரும்போது இந்த இரண்டையும் கொண்டு வந்திருந்தார். ஒன்று உம்மாவுக்கு. மற்றது சுரண்டையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சுந்தரபாண்டி அண்ணாச்சிக்கு.

"இதுல எது உம்மாவுக்கு, வாப்பா?"

"அதை உம்மாதான் சொல்லணும். அவ எடுத்தது போக மிச்சம் உள்ளது அண்ணாச்சிக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாராரு."

உம்மா சாஜிதா கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவள். பெண்கள் கூடியிருக்கும் பக்கம் ஆண் போட்டோகிராபர்கள் போக மாட்டார்கள். அதனால் மணப்பெண்ணை எடுக்க எல்லோரும் உம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் உம்மாவின் பழைய கேமரா 'டடக்' என்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும் வெட்கப்படுகிற மாமிகள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். வியாழக்கிழமை செங்கோட்டையில் மெஹர் பானுவின் கல்யாணம். அதற்குப் புதுக் கேமராவோடு போக வேண்டும் என்று உம்மாவுக்கு ஆசை.

"இது ரேஞ்ச்ஃபைண்டர்," என்று வாப்பா சின்னதாக இருந்ததைக் காட்டினார். "இது மிரர்லெஸ். ரெண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு லென்ஸ். மிரர்லெஸ்ஸுக்கு ரெண்டு."

"அப்ப ரெண்டு லென்ஸ் உள்ளதுதானே லாபம்?"

"அப்படிச் சொல்லிற முடியாதுட்டி. இந்த ஒரு லென்ஸு அந்த ரெண்டுக்கும் பதில் சொல்லும். பல வருசம் கழிச்சு வித்தாலும் விலை இறங்காது."

"மிரர்லெஸ் தானாவே ஃபோகஸ் பண்ணும்," என்று அண்ணன் முஃபீத் குறுக்கே வந்தான். அவன் யூடியூபில் கேமரா வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறவன். "ஆளு ஓடுனாலும் கண்ணைக் கண்டுபுடிச்சுப் பின்னாலயே போகும். ரேஞ்ச்ஃபைண்டர்ல நாமதான் கையால திருப்பணும்."

"கையால திருப்புறதுலதாம்லே ருசி," என்றார் வாப்பா.

வாப்பா பேசும்போது ரேஞ்ச்ஃபைண்டர்தான் நல்லது என்று ஃபாயிஸாவுக்குத் தோன்றியது. முஃபீத் பேசும்போது மிரர்லெஸ். இரண்டு பேரும் சேர்ந்து பேசியபோது ஒன்றுமே தோன்றவில்லை. குழப்பம் வந்தால் அவளுக்குக் காது சூடாகும். இப்போது இரண்டு காதும் சூடாக இருந்தன.

உம்மா கட்டில் பக்கம் வந்தாள். ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். குருவிக்குஞ்சை வைத்திருப்பது போல வைத்திருந்தாள்.

"இதுதான்," என்றாள் மெதுவாக.

"குற்றாலத்துக்குக் கொண்டு போய் எடுத்துப் பாரு. அதுக்குப் பொறவு சொல்லு," என்றார் வாப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தருவிக்கு பஸ் ஏறினார்கள். சாரல் விட்டு விட்டுத் தூறியது. கேமராக்கள் நனையாமல் இருக்க, அருவிக்குப் போகாமல் கடைப்பக்கமாகக் கூரைக்குக் கீழே நின்றார்கள்.

முதலில் முஃபீத் ரேஞ்ச்ஃபைண்டரை வாங்கினான். குரங்கு, ரம்புட்டான் கூடை, பஸ் என்று வளைத்து வளைத்து எடுத்தான். பிறகு திரையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

"என்னலே?"

"எல்லாம் கறுப்பா இருக்கு வாப்பா. கேமரா ரிப்பேரு போல."

வாப்பா லென்ஸைக் காட்டினார். மூடி கழற்றப்படவே இல்லை.

"யூடியூப்ல மூடியைக் கழத்தச் சொல்லித் தரலையோ?" என்று ஃபாயிஸா சிரித்தாள்.

"எனக்கு உள்ள எல்லாம் நல்லாத் தெரிஞ்சுதே!" என்று முஃபீத் கத்தினான்.

"அதுதான் ரேஞ்ச்ஃபைண்டர். நீ பாக்குற சன்னல் வேற, லென்ஸ் வேற," என்றார் வாப்பா. "சன்னலுக்கு நடுவுல ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதுல ஆளு ரெண்டாத் தெரிவாங்க. லென்ஸைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணாச் சேக்கணும். சேந்தா படம் தெளிவு."

அடுத்தது உம்மாவின் முறை. ஃபாயிஸாவைத் தூணோரம் நிற்க வைத்தாள். சன்னலில் கண்ணை வைத்தாள். திருப்பினாள். மறுபடி திருப்பினாள். கண்ணைச் சுருக்கினாள். ஃபாயிஸாவின் சிரிப்பு கன்னத்திலேயே காய்ந்துவிட்டது.

"உம்மா, ஒரு குரங்கு வந்து என் முடியைப் பாக்குது. சீக்கிரம்!"

ஒருவழியாகச் 'சிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. திரையில் ஃபாயிஸா பனிக்குள் நிற்பது போல மங்கலாக இருந்தாள். பின்னால் தூரத்தில் இருந்த பாறைதான் பளிச்சென்று இருந்தது.

"இன்னும் பழகலை," என்றாள் உம்மா வேகமாக.

பிறகு மிரர்லெஸ். உம்மா கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்று எதையோ சரிசெய்தாள். கண்ணை வைத்ததும் சிரித்துவிட்டாள். "ஃபாயிஸா, இது உன்னை விட்டுட்டு எண்ணெய்க்கடை போர்டுல உள்ள பொண்ணைப் புடிக்குது!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாயிஸாவின் பின்னால், மூலிகை எண்ணெய்க் கடைப் பலகையில் நீண்ட கூந்தலோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். உம்மா ஒரு பொத்தானைத் தட்டி ஃபோகஸ் கட்டத்தை ஃபாயிஸாவின் முகத்துக்குக் கொண்டு வந்தாள். சத்தமே வரவில்லை.

"எடும்மா."

"எடுத்தாச்சு."

ஃபாயிஸா ஓடிப்போய்ப் பார்த்தாள். இமையில் நின்ற சாரல் துளிகூடத் தெரிந்தது. "நானும் பாக்கேன்!" என்று கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தாள்.

உள்ளே எல்லாம் கலங்கலாக இருந்தது. எழுத்து, எண், ஆள் எதுவும் தெரியவில்லை. கேமராவைச் சட்டென்று வாப்பாவிடம் நீட்டினாள்.

"வாப்பா, நான் உடைச்சுட்டேன் போல. தொட்டதும் கெட்டுப்போச்சு!"

வாப்பா வாங்கிப் பார்த்தார். கண் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டிச் சக்கரத்தை நகர்த்தினார். "உடையலை. இது பாக்குறவங்க கண்ணுக்குத் தக்கபடி வச்சுக்கிடுற சக்கரம். கண்ணாடி போட வேண்டியவங்க திருப்பி வச்சுக்கிடுவாங்க. நமக்கு இம்புட்டு தூரம் திருப்ப வேண்டியதில்லையே. யாரு திருப்புனது?"

உம்மா குரங்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குரங்கை யாரும் அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

ஃபாயிஸாவுக்குள் சில விஷயங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஊசியில் நூல் கோக்கத் தன்னைக் கூப்பிடும் உம்மா. போனைக் கைநீட்டித் தூரமாக வைத்துப் படிக்கும் உம்மா. பாறை தெளிவாகவும் மகள் மங்கலாகவும் வந்த படம்.

"நாந்தான் வாப்பா. சும்மா திருப்புனேன்," என்றாள்.

சொன்ன பிறகுதான், ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள். உம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது.

வாப்பாவும் முஃபீத்தும் டீ வாங்கப் போனார்கள். உம்மா ஒரு மங்குஸ்தானைப் பிதுக்கி உடைத்து, வெள்ளைச் சுளையை ஃபாயிஸாவிடம் நீட்டினாள்.

"ஏட்டி, எதுக்குப் பொய் சொன்ன?"

"நீ எதுக்குச் சொல்லாம நின்ன?"

உம்மா மங்குஸ்தான் தோலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "கொஞ்ச நாளாவே கிட்ட உள்ளது கலங்கலாத் தெரியுது. டாக்டர்ட்டயும் போனேன். கண்ணாடி வாங்கிட்டேன். பைக்குள்ளதான் கெடக்கு."

"போட வேண்டியதுதானே?"

"போட்டோ எடுக்க வந்தவ கண்ணாடியைத் தேடிட்டு நின்னா என்ன சொல்லுவாங்க? சாஜிதாவுக்குக் கண்ணு போச்சும்பாங்க. பொறவு எந்தக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடுவாங்க?"

ஃபாயிஸா சுளையை விழுங்கினாள். "அப்ப மிரர்லெஸ்தானே உனக்கு நல்லது? அதுதான் தானாவே எடுக்குதே."

"அதுதான் எனக்குப் புடிக்கலை. எல்லாத்தையும் அதுவே கண்டுபுடிச்சா, நான் எதுக்குட்டி?"

அதுவும் சரிதானே என்று தோன்றியது. ஃபாயிஸாவின் காதுகள் மறுபடியும் சூடாயின. ஆனால் எண்ணெய்க் கடைப் பலகை இன்னும் எதிரிலேயே இருந்தது.

"அதுக்கு முகம்தான் தெரியுது உம்மா. யாரு முகம்னு தெரியலையே. நான்தான் உன் மகள்னு நீதானே அதுக்குச் சொல்லிக் குடுத்த?"

உம்மா சட்டென்று சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியலை," என்றாள் ஃபாயிஸா. "ஆனா கண்ணைப் பத்தி வாப்பாட்ட சொல்லாம நீ எதை எடுத்தாலும் தப்பாத்தான் போகும். நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

சாயங்காலம் சுந்தரபாண்டி அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் ரேஞ்ச்ஃபைண்டர் மேல் விழுந்துவிட்டது.

"என்ன தங்கச்சி, முடிவு பண்ணியாச்சா?"

"அவளுக்கு ரேஞ்ச்ஃபைண்டர்தான் அண்ணாச்சி," என்றார் வாப்பா.

அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போனது. "அப்படியா... நல்லது, நல்லது," என்றார். இரண்டாவது 'நல்லது' கேட்கவே இல்லை.

உம்மா பையைத் திறந்தாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். வாப்பா அவளை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஏங்க, காலையில சக்கரத்தைத் திருப்புனது ஃபாயிஸா இல்ல. நாந்தான்."

ஃபாயிஸா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கிட்டச் சொல்ல என்ன சாஜிதா?" என்றார் வாப்பா. குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது.

"இம்புட்டுதானா?" என்றார் அண்ணாச்சி. "ரேஞ்ச்ஃபைண்டருக்கும் கண்ணுக்குத் தக்க சின்னக் கண்ணாடி கிடைக்குமே தங்கச்சி. வாங்கித் திருகி மாட்டிக்கிட்டா தெளிவாத் தெரியும்."

ஐயோ! மறுபடியும் இரண்டும் சமமாகிவிட்டதே! ஃபாயிஸா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ரேஞ்ச்ஃபைண்டரை ஆசையாகப் பார்த்துக்கொண்டே அண்ணாச்சி உண்மையைச் சொல்லிவிட்டார்.

உம்மா ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அதை அண்ணாச்சியின் கையில் வைத்தாள்.

"கண்ணுக்காக மட்டும் இல்ல அண்ணாச்சி. மணப்பொண்ணு தன் உம்மாவைப் பாத்துக் கண் கலங்குறது ஒரு நொடிதான். ரெண்டு மெஹர் பானுவை நான் ஒண்ணாச் சேக்கதுக்குள்ள அவ கண்ணைத் தொடச்சிருவா. எனக்கு அந்த நொடி வேணும்."

"எனக்கு அந்த அவசரமே இல்லம்மா!" அண்ணாச்சி கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார். "என் ஸ்டூடியோவுக்கு வாரவங்க மூச்சே விடாமத்தான் உக்காருவாங்க."

வியாழக்கிழமை, செங்கோட்டை மண்டபத்தின் மாடியில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். ஃபாயிஸா உம்மாவின் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தாள். மிரர்லெஸ் சத்தமே போடவில்லை. யாரும் முக்காட்டை இழுக்கவில்லை.

மெஹர் பானுவின் மாமி ஹைருன் பீவி வெகுநேரம் விறைப்பாக நின்றாள். "எப்ப எடுப்ப சாஜிதா? கழுத்து வலிக்குது."

"எடுத்தாச்சு மாமி. பாருங்க. புடிக்கலைன்னா அழிச்சிருதேன்."

திரையைப் பார்க்க உம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டாள். பக்கத்தில் நின்ற பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஃபாயிஸா பையை இறுக்கிப் பிடித்தாள்.

ஹைருன் பீவி கையை நீட்டினாள். "அதை இங்கன தா."

உம்மா கேமராவைக் கொடுத்தாள்.

"இதில்லட்டி. அது!" ஹைருன் பீவி உம்மாவின் கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் வைத்துக்கொண்டாள். திரையைப் பார்த்தாள். அவள் வாய் மெல்லத் திறந்தது. "நானா இது? எம்புட்டு அழகா இருக்கேன்! இதை அழிச்ச, பாத்துக்கோ!"

"எனக்கும் தெரியலை, நானும் பாக்கேன்," என்று இன்னொரு மாமி கண்ணாடியை வாங்கினாள்.

"அடுத்து எனக்கு," என்றாள் இன்னொருத்தி.

உம்மா கேமராவைக் கண்ணில் வைத்து, அவர்கள் சண்டை போடுவதையும் எடுத்தாள். பிறகு ஃபாயிஸாவின் காதில் சொன்னாள்: "ஏட்டி, என் கண்ணாடி இப்ப யார் மூக்குல இருக்குன்னு பாத்துக்கிட்டே இரு."