அண்ணன் எடுத்துக்கொண்ட பாதி

லேவார்டனிலிருந்து குரோனிங்கன் போகும் ரயிலில் இருந்ததே ஒரு கழிவறைதான். அதன் வாசலில் யோரிண்டா கால் மாற்றி நின்றாள். ஜன்னலில் மழை ஓயாமல் வழிந்தது... அவள் இருந்த நிலையில் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கதவு திறந்து ஒருவன் வெளியே வந்தான். ஈரத் தலைமுடி, சாம்பல் நிறக் கண்கள்... கையில் குடம் மாதிரி ஒரு தண்ணீர் பாட்டில்.

"உள்ள என்ன முடிசூட்டு விழாவா?"

"மன்னிச்சுக்குங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி வருவேன். இப்பவே சொல்லிடறேன்."

திரும்பி வந்தவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பெட்டி முழுக்கக் காலி இருக்கைகள்... ஏனோ கண்ணில் படவில்லை.

அவன் பெயர் சீட்ஸ. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள், அம்மா வழிச் சொத்து. "கட்டி வேகமா வளராம இருக்க மாத்திரை. அதுதான் குடிக்கவும் வைக்குது, ஓடவும் வைக்குது."

"எங்க அண்ணனுக்கும் அதான். எனக்கு வராது. பாதிக்குப் பாதிதானே? நாங்க ரெண்டு பேர். அவன் எடுத்துக்கிட்டான்."

"யாரு சொன்னா?"

"அப்பா."

"அது என்ன கேக்கா, ஒருத்தர் எடுத்தா தீர்ந்துபோக? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா பாதி வாய்ப்புங்க. உங்க பாதி இன்னும் அப்படியே இருக்கு."

அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து அப்பா ஹெஸ்ஸலின் பிறந்தநாளுக்கு அவனை அழைத்துப் போனாள். வட்டமாக நாற்காலிகள், ஆளுக்கு ஒரு துண்டு கேக். சுவரில் நானூறு வருட முன்னோர்களின் ஓவியங்கள். படத்தில் எல்லோரும் இடுப்பில் கைவைத்தே நின்றார்கள்.

"கம்பீரம்!" என்றார் ஹெஸ்ஸல். "எல்லாரும் ஐம்பது வயசுல போனவங்க. ஊருக்கு உழைச்ச களைப்பு."

"இடுப்பு வலியா இருக்கலாம் சார்," என்றான் சீட்ஸ. "உங்களுக்கு ரத்த அழுத்தம் உண்டா?"

"அது பொறுப்பால வர்றது, தம்பி! என் பையனோட நோய், செத்துப்போன என் மனைவி வழியா வந்தது. எங்க ரத்தம் சுத்தம். அதுல ஒரு நோயாளியைக் கலக்க முடியாது."

சீட்ஸ கேக்கை வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை. அவனுக்கும் ரோஷம் இருந்தது.

யோரிண்டா ஒரு வாரம் அழுதாள். பிறகு அப்பாவின் கோட்டை எடுத்து நீட்டினாள். "கிளம்புங்க. முதல்ல உங்களுக்கு ஸ்கேன், அப்புறம் எனக்கு."

"நம்ம குடும்பத்துல யாரும்..."

"தெரியாமலே செத்தாங்க. நான் தெரிஞ்சுக்கிட்டுதான் வாழப்போறேன்."

நானூறு வருடக் கம்பீரம், ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஜெல் தடவிக்கொண்டு மல்லாந்து படுத்தது. திரையில் இரண்டு பக்கமும் கட்டிகள். இவருக்கு மெதுவாகத்தான் வளர்கின்றன என்றார் டாக்டர். வெளியே வந்த ஹெஸ்ஸல் கோட்டை மாட்டிக்கொண்டார். பிறகு, "உங்கம்மாவை எவ்வளவு தப்பா பேசிட்டேன்..." என்றார்.

தன் ஸ்கேனுக்குக் காத்திருந்த யோரிண்டா சீட்ஸவுக்குப் போன் செய்தாள். அவன் மழையில் தொப்பலாக நனைந்து ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றான்.

அப்போது உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"இரு... போறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். வந்து சொன்னா, கட்டி இல்லேன்னா இரக்கம்னு நினைப்பே. இருந்தா துணை தேடுறேன்னு நினைப்பே."

"என்னது?"

"உன்னைப் பிடிச்சிருக்குடா, முட்டாள்! திரை என்ன சொன்னாலும் சரி."

அவன் கண்கள் கலங்கின. மழை என்று சொல்லியிருக்கலாம்... சொல்லவில்லை.

"எனக்கும்தான்," என்றான். "போயிட்டு வா."

அவள் உள்ளே போனாள்.