பிரேக் மிதிக்க ஓர் ஆள்

மழை யாரிடம் கேட்டுக்கொண்டு வருகிறது... திரைச்சீலை கொடுக்கப் போன வீட்டில் பூட்டு தொங்கியது. திரும்பிவிடலாம் என்று தையல்காரன் இரண்டு எட்டு வைப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டது. ஆள் நனைந்தால் காய்ந்துவிடலாம். தைத்த துணி நனைந்தால் பிழைப்பு என்னாவது? மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினான்.

உள்ளே ஒரு கார் நின்றது. வயதான கார்தான். ஆனால் துடைத்துத் துடைத்து மூக்கும் முழியுமாக வைத்திருந்தார்கள். பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. கழற்றிய சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. தரையில் ஸ்பேனர்கள், ஒரு கண்ணாடிப் பாட்டில், அதற்குள் இறங்கிய மெல்லிய குழாய்... ஆளை மட்டும் காணோம்.

"யாருங்க அது?" காருக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக ஒரு பெண்குரல். 

"மழைக்கு ஒதுங்கினேங்க. விட்டதும் போயிடறேன்."

"இது இப்ப விடற மழையாத் தெரியல. சும்மா நிக்கற நேரத்துக்கு ஒரு உதவி பண்றீங்களா? ஏறி டிரைவர் சீட்டுல உட்காருங்க."

தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்றான் அவன். அதுவும் நல்லதாகப் போயிற்று என்றது குரல்... ஓட்டத் தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்க மாட்டார்களாம், மிதிக்கத் தெரிந்தால் போதுமாம்.

"மிதிக்கறதா? அதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாதுங்க. நான் டெய்லர். காலாலதான் சம்பாதிக்கறேன்."

இந்த வாய்தான் பிறகு அவனை அந்தப் பாடு படுத்தியது. அப்போது அது அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்.

அந்தப் பக்கத்திலிருந்து அவள் எழுந்து நின்றாள். முழங்கை வரை சுருட்டிய பழைய சட்டை. நெற்றியில் கிரீஸ் கோடு. அதைத் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் அப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கண்கள் மட்டும்... அழுது முடித்து முகம் கழுவியவளின் கண்கள்போல அப்படியொரு தெளிவு. அவனுக்கு மூட்டையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கடைசியில் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

வேலை இன்னதென்று அவள் விளக்கினாள். பிரேக் ஆயில் போகும் குழாய் ஒன்று கசிந்ததால் புதிது மாற்றியிருக்கிறாள். மாற்றும்போது உள்ளே காற்று புகுந்துவிட்டது. காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது இன்னொருவர் சக்கரத்தருகே இருக்கும் சின்னத் திருகைத் திறக்க, ஆயிலும் காற்றும் குழாய் வழியாகப் பாட்டிலுக்கு வந்துவிடும். பிறகு திருகை மூட வேண்டும்.

"நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. மூடறதுக்கு முன்னால எடுத்தீங்கன்னா காத்து திரும்ப உள்ள போயிடும். பண்ணின வேலை அத்தனையும் வீண்."

"இவ்வளவுதானே?"

"இவ்வளவுதான்னு சொல்றவங்ககிட்டதான் பயமா இருக்கு," என்றபடி மறுபடி கீழே உட்கார்ந்துகொண்டாள்.

மிதிங்க... மிதிச்சாச்சு. விடுங்க... விட்டாச்சு. மழைச் சத்தத்துக்கு நடுவே இரண்டு குரல்கள் மட்டும் மாறி மாறிப் போய்வந்தன. அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை, அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, பேச்சு கூச்சமில்லாமல் வந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாம், இன்று லீவாம். அவனும் தன் கதையைச் சொன்னான். தங்கையைக் கட்டிக் கொடுத்த பிறகு கடைக்கு மேல் ஒற்றை அறையில் ஒண்டிக்கட்டை. பேச்சுத்துணைக்குத் தையல் மெஷின். "அது எதிர்த்துப் பேசாதே," என்றாள் அவள். "அதான் குறை," என்றான் இவன்.

டீயோடு வந்த அவள் அம்மா, அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு கிளாஸை அவன் கையில் கொடுத்தாள்.

"அந்த சீட்டுல ஒரு வருஷமா யாரும் உட்காரல, தம்பி. அவங்கப்பா மேல உட்கார்ந்து மிதிப்பார், இவ கீழ உட்கார்ந்து திறப்பா. சின்னப் பொண்ணா இருந்ததுலேருந்து ரெண்டு பேரும் அப்படித்தான். அவர் போனதுக்கப்புறம் வண்டியும் நின்னு போச்சு. பெரிய பொண்ணோட வீட்டுக்காரர் வந்து செய்யறேன்னார்... இவ வேண்டாம்னுட்டா. எனக்கு முழங்கால் சொன்ன பேச்சு கேக்கல."

அம்மாவின் தங்கை மலைமேல் இருக்கிறாள். படுத்த படுக்கை. எழுந்து உட்கார முடியாதவள் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். நாளைக் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மலைப்பாதையில் போகத்தான் இத்தனை பாடும். அவன் டீயை மெல்லக் குடித்தான். சீட்டில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

மூன்று சக்கரம் முடிந்தது. கடைசிச் சக்கரம், அவன் பக்கத்து முன் சக்கரம். திறந்திருந்த கதவுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் அவள். "மிதிங்க," என்றாள். மிதித்தான். திருகைத் திறந்தாள். பெடல் மெதுவாக உள்ளே இறங்கியது. என்ன நினைத்தாளோ, முகத்தில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்...

தையல் மெஷினில் ஆண்டுக்கணக்காக ஏறி இறங்கிய கால். மனம் கவனிக்காத நேரத்தில் அது தன் வழக்கத்தைச் செய்தது. சட்டென்று மேலே எழுந்தது. அடுத்த கணமே பதறிப்போய் அழுத்தினான். அதற்குள் எழுந்தது எழுந்ததுதான்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். திருகை மூடினாள்.

"காலை எடுத்தீங்களா?"

"இல்லையே."

யோசிப்பதற்குள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. காலால் சம்பாதிக்கிறவன் என்று மார்தட்டியவன், அந்தக் கால்தான் சொதப்பிவிட்டது என்று எந்த முகத்தோடு சொல்வான்? அவள் அவனையே ஒரு கணம் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஏதோ அணைந்ததுபோல் இருந்தது. 

"சரி. மழை விட்டுடுச்சு. நீங்க கிளம்புங்க. ரொம்ப நன்றி."

குரலில் இத்தனை நேரமும் இருந்த சிரிப்பு இல்லை. களைப்பாக இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

கடைக்கு வந்து மெஷினில் உட்கார்ந்தான். தையல் நேராக ஓடவில்லை. பிரித்துத் தைத்தான், மறுபடியும் கோணல். கால் கீழே இறங்கும்போதெல்லாம் மலைப்பாதை கண்முன் வந்தது. வளைவில் கார் இறங்குகிறது. அவள் பிரேக்கை மிதிக்கிறாள், கால் தரை வரைக்கும் போகிறது. பக்கத்தில் அந்த அம்மா...

கொஞ்சூண்டு காற்று என்ன செய்துவிடும் என்று ஒரு மனம் சொன்னது. நீ என்ன கண்டாய் என்று இன்னொரு மனம் காறித் துப்பியது. சாயங்காலம் அவள் தெருமுனை வரைக்கும் போய்விட்டுக் கால் கூசித் திரும்பி வந்தான். சொன்னால் இந்த ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்க முடியாது. சொல்லாவிட்டால் விழிப்பதற்கு அவளே இல்லாமல் போய்விடலாம். இதற்குப் போய் யோசிக்கிறாயே மடையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு புரண்டவனுக்குக் கண் மூடவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக ஓடினான். செருப்பு மாட்டினானா என்றுகூட நினைவில்லை.

கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. அம்மா வெளியே போகிற உடையில், தோளில் பையோடு நின்றிருந்தாள். அவள் டிரைவர் சீட்டில். கை ஸ்டீயரிங்கில். அவனுக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து போய் காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

"போகாதீங்க. நேத்து நான் காலை எடுத்துட்டேன். கடைசிச் சக்கரத்துல. நீங்க மூடறதுக்கு முன்னால. எடுக்கலைன்னு பொய் சொன்னேன். உள்ள காத்து இருக்கு. வண்டியை எடுக்காதீங்க..."

மூச்சு வாங்கியது. அவள் இறங்கி வந்தாள். கதவைச் சாத்தினாள். அவசரப்படவில்லை.

"எதை மறிச்சுட்டு நிக்கறீங்க? கொஞ்சம் கீழ பாருங்க."

பார்த்தான். முன் சக்கரம் இல்லை. ஜாக்கியின் மேல், எங்கேயும் போக முடியாத நிலையில் கார் சாதுவாக நின்றிருந்தது. விரித்த கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மெல்ல இறக்கினான்.

"பாட்டில்ல குமிழ் வந்தப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "அதான் கேட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்களே சொல்லணும்னு இருந்தேன்." அவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள். "எங்க வார்டுல ஒருத்தர் மருந்தை மாத்திக் கொடுத்துட்டார்னு வைங்க. அந்த நிமிஷமே ஓடி வந்து சொன்னா குழந்தையைக் காப்பாத்திடுவோம். அவங்களை யாரும் கோவிக்க மாட்டோம். மறைச்சாதான்... நான் அப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கேன்."

அவனால் தலை நிமிர முடியவில்லை. அம்மாதான் இடையில் புகுந்தாள். அந்தத் தம்பி விடிஞ்சதும் வரும் என்று தான் அடித்துச் சொன்னதாகவும், மகள் நம்பாமல், வருகிறானா பார்ப்போம் என்று சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டதாகவும், தான் வீம்புக்கே உடுத்திக்கொண்டு நிற்பதாகவும் சொன்னாள். சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்ததாக ஒரு பொய்யையும் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

கொட்டகையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"கால் ஏன் எழுந்துச்சுன்னும் சொல்லிடறேன்," என்றான் அவன். "தையல் மெஷின் பழக்கம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். அது பாதி உண்மைதான். அந்த நேரம் நீங்க நிமிர்ந்து என்னைப் பார்த்தீங்க... எனக்குக் கால்னு ஒண்ணு இருக்கறதே மறந்து போச்சு. நேத்துலேருந்து வேற எதுவும் ஞாபகத்துல நிக்கல. இதைக் கேட்டுட்டு என்னைப் போகச் சொன்னாலும் போயிடறேன். ஆனா மறைக்க மாட்டேன்."

தகரக் கூரையிலிருந்து நேற்றைய மழையின் மிச்சம் சொட்டிக்கொண்டிருந்தது.

"நேத்து நீங்க போனதும் எனக்குக் கோபம் வரல," என்றாள் கடைசியில். "அழுகைதான் வந்துச்சு. மழைக்கு ஒதுங்கின யாரோ ஒருத்தர் பொய் சொன்னா எனக்கென்ன, நான் எதுக்கு அழணும்... அதையேதான் கேட்டுட்டு இருந்தேன். பதில் கிடைச்சதும் இன்னும் அழுதேன். அப்பா போனதுக்கப்புறம் நேத்துதான் இந்தக் கொட்டகையில சிரிச்சேன். சிரிக்க வச்சவரே இப்படிப் பண்ணிட்டாரேன்னு இருந்துச்சு. அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிடலாம்னாங்க அம்மா. எனக்கு வேற யாரையும் கூப்பிடத் தோணல."

அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறி உட்காருங்க. சித்தி காத்துட்டு இருக்காங்க. ஆனா ஒண்ணு... இந்தத் தடவை என்னைப் பார்க்கக் கூடாது. நேரா சுவரைப் பாருங்க."

அவன் சுவரைப் பார்த்தான். அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை. இருந்தும் கண்ணை எடுக்கவில்லை. மிதிங்க என்றாள், மிதித்தான். அந்தக் கால் இனி யார் வந்து இழுத்தாலும் எழுந்திருக்காது. குழாயில் குமிழ்கள் வந்தன. மறுபடி மிதித்தான், குறைந்தன. மறுபடி... ஒன்றுகூட வரவில்லை. பெடல் பாதியிலேயே கெட்டியாக நின்றது. திருகை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது.

"விடுங்க."

அவன் காலை எடுக்கவில்லை.

"விடுங்கன்னு சொன்னேனே... முடிஞ்சுது."

"ஒரு சந்தேகம் கேக்கணும்," என்றான், சுவரைப் பார்த்தபடியே. "இனிமே பார்க்கலாமா?"

ஸ்பேனர் தரையில் வைக்கப்பட்டது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"பாருங்க," என்றாள். "இனிமே என்னைக்கும் பாருங்க."

காலை எடுத்துவிட்டு அவன் மெல்லத் திரும்பினான். கிரீஸ் படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, கண் நிறைய நீரோடு, அவள் முதலிலிருந்தே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.